போகும் தூரம் மட்டும்

மார்ச் 11, புதன். இன்று ஒரு சின்னத் தவறு. புதுக் காருக்கான கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போகும் தூரத்தை மட்டும் சேர்த்திருக்கிறேன், திரும்பி வருவதை விட்டுவிட்டேன்.

கணக்கியல் மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் எழுதி முடித்துப் பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள்... எப்படி விட்டுப்போகும், அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடி வருகிறவள் அவள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் கூட்டலை மேலிருந்து ஒரு தரம் கீழிருந்து ஒரு தரம் போட்டுப் பார்க்கிறவள், அவளா இதை விட்டாள்? பலகையில் கணக்கு வாத்தியார் தேய்மானம் என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார், ஒரு மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும்னு யாருக்குத் தெரியும், நாமதான் ஒரு ஆயுளை ஊகிச்சு எழுதணும் என்றார். ஊகித்து எழுதுவதா... காலையில் கார் ஷோரூம்காரரும் கிட்டத்தட்ட அதைத்தானே கேட்டார், மேடம், சின்ன பேட்டரி போட்ட எலெக்ட்ரிக் வண்டி ரெடியா நிக்குது, நாளைக்கே எடுத்துட்டுப் போகலாம், பெரிய பேட்டரின்னா நாலு மாசம் காத்திருக்கணும், நாளைக்குள்ள சொல்லிடுங்க. நாலு மாசம். அதைச் சொல்லும்போது அவர் கண் ஏன் அப்பாவின் பக்கம் போனது, போனதா, இல்லை இவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா?

வாரம் மூன்று நாள் அப்பாவுக்கு டயாலிசிஸ், மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, இதுவரை ஓடிய மாமாவின் கார் இந்த மாதக் கடைசியில் மாமாவோடு வேறு ஊருக்குப் போகிறது, பஸ்ஸில் அப்பாவால் முடியாது. சின்ன பேட்டரி போகப் போதும், தாராளமாகப் போதும், அதைப் பார்த்துத்தான் நேற்று நிம்மதியாகத் தூங்கினாள், முட்டாள். வரும்போது? டயாலிசிஸ் முடிந்தால் அப்பாவுக்குக் குளிரும், பல் தந்தியடிக்கும், ஹீட்டரைப் போட்டே ஆக வேண்டும், ஹீட்டர் பேட்டரியைத் தின்னும், ஏற்றம் அதைவிடத் தின்னும், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற ஒரே சார்ஜர் பிளாஸ்டிக் உறை போர்த்தி என்றைக்கும் பழுது... மலைவளைவில் வண்டி நிற்கிறது, திரையில் எண் குறைகிறது, ஹீட்டரை அணைக்கவா என்று அவள் யோசிக்கிறாள், பக்கத்தில் போர்வைக்குள் அப்பா எதுவும் கேட்காமல் இருக்கிறார், கேட்காமல் இருப்பதுதான் பயம். அப்போ பெரியதே சொல்லிவிடலாம், நாலு மாதம் வாடகைக் கார் பிடித்து எப்படியாவது ஓட்டிவிடலாம், நாலு மாதம் கழித்து வண்டி வரும், வந்து வாசலில் நிற்கும், முன்சீட்டில்... வேண்டாம், அந்த இடத்தைத் தாண்டி யோசிக்கக் கூடாது.

சின்னதே போதும்மா, என்றார் அப்பா ஷோரூமிலிருந்து வரும் வழியில், எனக்கு எதுக்குப் பெரிசு, நானே ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் ஏத்திக்கிற ஆளு. சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னது போதும் என்றால் என்ன அர்த்தம்? கேட்டிருக்கலாம். என்னடி, பலகையைப் பார்க்காம நோட்டையே முறைச்சிட்டிருக்கே, என்று பக்கத்து பெஞ்ச் அக்கா முழங்கையால் இடித்தாள், மருந்துக்கடை அக்கா, எதற்கும் சிரிக்கிறவள், கார் வாங்கறேன்னு கேள்விப்பட்டேன், முதல் ரவுண்டு என்னைத்தான் கூட்டிட்டுப் போகணும் ஆமா. சரிக்கா, என்றாள், கண் தாளை விட்டு நகரவில்லை. நேற்று அவளே போட்ட கணக்கு, அவளுடைய ஒழுங்கான சின்ன எழுத்து. வேலைக்கு, போக வர. மாலை வகுப்புக்கு, போக வர. சந்தைக்குக்கூட, ஒரு பை காய்க்கு, போக வர. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போக. அவசரத்தில் விட்டதென்றால் சந்தைதானே விட்டுப்போயிருக்க வேண்டும்... கை அதை எழுதியபோது மனசு எங்கே இருந்தது? அது சின்னத் தவறுதானா? வாத்தியார் பலகையை அழித்துக்கொண்டிருந்தார், சாக்பீஸ் தூள் விளக்கு வெளிச்சத்தில் மிதந்தது, அவள் "வர" என்று சேர்க்கப் போனாள், சேர்க்காமல் பக்கத்தின் அடியில் வேறொன்று எழுதினாள்.

நாளை: ஷோரூமில் சின்ன வண்டியைச் சோதனை ஓட்டத்துக்குக் கேட்பது. அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, ஹீட்டரைப் போட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரை போய், திரும்பி வருவது.