நன்றியுரை: மரியசெல்வம்

மரியசெல்வமும் அட்டெண்டர் மலையாண்டியும் கல்லூரி ரசாயனக் கூடத்துப் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் போட்டார்கள். மார்ச் மாத வெயில் புதுக்கோட்டையில் காலையிலேயே முதுகைச் சுட்டது. பெஞ்சு தூக்குவது, மாணவர்களுக்குச் சோதனை செய்துகாட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டரின் வேலையில்லை. ஆனால் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டருக்கு எது வேலை, எது வேலையில்லை என்று யாரும் வரையறுத்து வைக்கவில்லை.

சமஸ்தானம் போய்ப் பத்து வருஷமாகியும் அந்தக் கல்லூரியில் சில வழக்கங்கள் போகவில்லை. யாராவது ஓய்வு பெற்றாலோ மாற்றலாகிப் போனாலோ, பிரிவுபசார வேலையெல்லாம் ஆசிரியர்களில் கடைக்குட்டி தலையில் விழும். பூக்கடையில் மாலைக்குச் சொல்வது, ஓட்டலில் ஜாங்கிரியும் காராபூந்தியும் வாங்குவது, போட்டோக்காரரை அழைத்து வருவது, கடைசியில் மேடையேறி நன்றியுரை சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. மூன்று வருஷமாகக் கடைக்குட்டி மரியசெல்வம்தான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன் என்று பேர் வாங்கியிருந்தான். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஏப்ரல் வந்தால் அவனை வேலையிலிருந்து விடுவிப்பார்கள். ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். வருகிற ஜூனில் நிரந்தரம் செய்துவிடலாம் என்று ரசாயனப் புரொபசர் ரெங்கசாமி போன தீபாவளிக்கு அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, கீரனூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மனைவி ஆரோக்கியத்தையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்து டவுனில் குடிவைத்தான். மகன் சர்க்கார் சம்பளக்காரன் மாதிரிதான் இனிமேல் என்று அவன் அப்பா பொங்கலோடு குத்தகை நிலத்தை மிராசுதாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நிலத்தில் இப்போது வேறொருவன் உழுதுகொண்டிருந்தான்.

இன்றைக்கு ஓய்வு பெறுகிறவர் தமிழ்ப் பண்டிதர் சோலையப்பன். ஒரே ஒரு மாலைதான் வழக்கம். இந்தத் தடவை புரொபசர் கூப்பிட்டு, இரண்டாகச் சொல்லிவிடு என்றார். தலைமை தாங்குகிற பிரின்சிபாலுக்கும் ஒன்று போடப்போகிறார்கள் என்று மரியசெல்வம் எண்ணிக்கொண்டான். பெரிய இடத்து மாலை சோடையாக இருக்கக் கூடாதே என்று பூக்காரரோடு மல்லுக்கட்டி, இரண்டாவதை இன்னும் கனமாக, நடுவில் ஜிகினாக் குஞ்சம் வைத்துக் கட்டச் சொன்னான்.

"ரெண்டாவது யாருக்குன்னு கேட்டுக்கிட்டீங்களா சார்?" என்று மலையாண்டி பெஞ்சின் மறுமுனையிலிருந்து கேட்டார்.

"பிரின்சிபாலுக்குத்தான். வேற யாருக்குப் போடப் போறாங்க?"

மலையாண்டி தம் பக்கத்து முனையை இறக்கி வைத்தார். பெஞ்சை இங்கிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் சாயங்காலம் தொடங்கியது. பண்டிதருக்கு மாலை விழுந்தது, பேச்சுகள் நடந்தன. மரியசெல்வம் பின்னால் காபி அண்டாவின் அருகில் டம்ளர்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான். புரொபசர் எழுந்து, இன்னொரு நண்பரும் இன்று நம்மிடமிருந்து விடைபெறுகிறார், அவர் சேவையை இந்தக் கல்லூரி மறக்காது என்று பேசியபோது, யாரது என்று இவனும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தான். எல்லாரும் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கையில் இருந்த துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மேடைக்குப் போனான்.

மாலை கனத்தது. அதைப் போட்டுவிட்டுப் புரொபசர் காதோரம் குனிந்தார்.

"முன்னாடியே சொல்லணும்னுதான் இருந்தேன்ப்பா. வேலையா அலைஞ்சுக்கிட்டிருந்த. மனசு ஒடைஞ்சிருவியேன்னு விட்டுட்டேன்."

"ஜூன்ல நிரந்தரம்னு சொன்னீங்களே சார்."

"எம்.எஸ்ஸி. படிச்சவர் ஒருத்தர் வந்துட்டாரு. எங்க அக்கா மகன்தான். என் கையில என்ன இருக்கு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த சோலையப்பன் காதிலும் அது விழுந்தது. அவர் வாயைத் திறக்கப்போய், பிறகு தம் மாலையைச் சரிசெய்துகொண்டார். ஓய்வு பெறுகிற நாளில் எதற்கு ஊர் வம்பு என்று நினைத்திருக்கலாம்.

நன்றியுரைக்கு நேரமாயிற்று. பிரின்சிபால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கடைசியில் எல்லார் பார்வையும் போன பக்கமே அவர் பார்வையும் போயிற்று. மாலையோடு உட்கார்ந்திருக்கிறவனே நன்றி சொல்லும்படி ஆயிற்றே என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைச் சொல்ல வேறு ஆளை அவர்கள் பழக்கிக்கொள்ளவும் இல்லை.

மரியசெல்வத்துக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து நின்றதும் வாய் தன் பாட்டுக்குப் பழைய தடத்தில் போயிற்று. தலைமை தாங்கிய பிரின்சிபாலுக்கு நன்றி சொன்னான். வாழ்த்திப் பேசியவர்களுக்கும், காபி கொடுத்த ஓட்டல்காரருக்கும், போட்டோக்காரருக்கும், பெஞ்சு தூக்கிய மலையாண்டிக்கும் நன்றி சொன்னான். மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் அவன் பேச்சு நின்றது. புரொபசர் பக்கம் திரும்பினான்.

"போன தீபாவளிக்குப் புரொபசர் சார் எனக்கு ஒரு வார்த்தை சொன்னாங்க. அந்த வார்த்தையை நம்பித்தான் என் குடும்பத்தை இங்க கூட்டியாந்தேன். எங்கப்பா அந்த ஒரு வார்த்தைக்காக..."

குரல் அடைத்தது. நன்றியில் நெகிழ்ந்துவிட்டான் என்று முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். ஹால் முழுக்கத் தட்டியது. புரொபசர் ரெங்கசாமி எழுந்து, நான்கு பக்கமும் திரும்பிக் கைகூப்பி அதை ஏற்றுக்கொண்டார்.

மரியசெல்வம் காத்திருந்தான். கைதட்டல் ஓயட்டும், மீதியையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து வைத்திருந்தான். கைதட்டல் ஓய்ந்தது. நன்றியுரை முடிந்ததும் வழக்கமாக நடப்பதுபோல் நாற்காலிகள் சத்தத்தோடு பின்னால் நகர, எல்லாரும் எழுந்தார்கள். யாரோ தேசிய கீதத்தை எடுத்துவிட்டார்கள். மரியசெல்வமும் வாயை மூடிக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, அந்தக் கனத்த மாலையோடு அசையாமல் நின்றான்.