நடுவில் எழுதிய சொல்

1958ஆம் ஆண்டு விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து மலாக்காவின் காஜா பேராங்கிலுள்ள வீட்டுக்கு வந்திருந்த பத்மினிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறு, கடைசி ஆண்டு. ஆய்வேட்டுக்கு அவள் கொடுத்த 'மலாக்கா இந்தியர்' என்ற தலைப்பைப் பேராசிரியர் திருப்பிவிட்டார். "இதில் பத்துப் பேருக்கு வேலை இருக்கிறது. உனக்கு எது வேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

விடுதித் தோழி விஜயா ஒரு வழி சொல்லியிருந்தாள். பெரிய தாளின் நடுவில் விஷயத்தை எழுதி வட்டம் போடு. மனதில் தோன்றுவதையெல்லாம் சுற்றிலும் எழுதிக் கோடு இழு. சரியா தப்பா என்று பார்க்காதே.

தாள் அண்ணன் ஏகாம்பரம் கொண்டுவந்தது. மலாக்கா–தம்பின் பஸ் ஓட்டுகிறவர். தாய் தகப்பன் போனபின் அவளை வளர்த்தவர். பழைய பஸ் நேர அட்டவணையின் வெற்றுப் பக்கத்தில் ஞாயிறு மத்தியானம் பத்மினி எழுதினாள்: தோட்டம், கோயில், பள்ளிக்கூடம், கடைத்தெரு, செட்டிகள், குடியுரிமை. பலவற்றிலிருந்து கோடுகள் கிளைத்தன. தாள் நிறைந்தது, தலைப்பு மட்டும் அகப்படவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவி வந்த ஏகாம்பரம் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, செலந்தி வல மாதிரி? எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்க, குடியுரிமைக்கு மட்டும் ஒண்ணும் காணோம்?"

"அதுல என்னண்ணே இருக்கு? நமக்குத்தான் கெடச்சிடுச்சே."

"ஒனக்குக் கெடச்சிச்சு. நீ மலாக்கா ஆஸ்பத்திரில பொறந்தவ." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் தம்பின் பக்கம் எஸ்டேட்டுல பொறந்தவன். ரெண்டு தடவ மனு போட்டேன். சூராட் பெரானாக் எங்கன்னு கேக்குறாங்க. அந்தப் பொறந்த பத்திரமெல்லாம் ஜப்பான்காரன் காலத்துல எரிஞ்சு போச்சுன்னு சொன்னா, அதுக்கும் சாட்சி கேக்குறாங்க."

போன வருஷம் சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று பஸ் முழுக்கக் கொடி கட்டி ஓட்டியவர் அவர். படிக்கிற பெண்ணுக்கு எதற்குக் கவலை என்று இத்தனை நாளும் வாயே திறக்கவில்லை.

மறுநாள் அவருடன் பண்டார் ஹிலிரில் இருந்த பதிவு அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சில் இடமில்லை. ஒருவர் கையில் பழைய கல்யாணப் பத்திரிகை; ஒரு பெண்ணின் மடியில் கோயில் ரசீது. அம்மை குத்திய தழும்பைக் காட்டுவதற்காக ஒரு கிழவர் சட்டைக் கையை முன்கூட்டியே மடித்து வைத்திருந்தார். குமாஸ்தா மலாயில் மரியாதையாகத்தான் பேசினார்: பிறந்தபோது உடனிருந்த யாராவது வந்து சத்தியம் செய்தால் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தாள் விரித்தாள். நடுவில் எழுதிய சொல், அத்தாட்சி. கல்யாணப் பத்திரிகை, ரசீது, தழும்பு என்று கோடுகள் தாமாக ஓடின. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் போயின. அண்ணனை அருகில் உட்காரவைத்துத் தோட்டத்திலிருந்து கூலிகள் குடியிருந்த லயத்துக்கு, லயத்திலிருந்து பிரசவத்துக்குக் கோடு இழுத்தாள்.

"பிரசவம் பாத்தது யாருண்ணே?"

"அஞ்சலைன்னு ஒரு அம்மா. இப்ப மகன்கூட கிளேபாங்குல இருக்கிறதா கேள்வி." சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்தார். "இது எனக்குத் தோணவே இல்லையே!"

அன்று சாயங்காலமே கிளேபாங்கில் வீட்டைத் தேடிப் பிடித்தார்கள். அஞ்சலை கண்ணை இடுக்கிக்கொண்டு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"நல்லையா மகனா? தல பெருசா இருந்து ஒங்கம்மாவையும் என்னையும் அந்தப் பாடு படுத்துனவன்ல நீ!"

புதன்கிழமை அலுவலகத்துக்கு வந்து அதையே சொல்லிச் சத்தியம் செய்து கைநாட்டு வைத்தார். மூன்று மாதத்தில் ஏகாம்பரத்துக்குக் குடியுரிமைச் சான்று வந்தது. பதிவு அலுவலகத்துக்கு மக்கள் கொண்டுவந்த அத்தாட்சிகளைப் பற்றி எழுதப் பேராசிரியரும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

அடுத்த விடுமுறைக்குப் பத்மினி ஆய்வேட்டின் படியைக் கொண்டுவந்தாள். ஏகாம்பரம் தன்னைப் பற்றிய பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"'ஒரு பஸ் டிரைவர்'னா யாரு? எம் பேரு எங்க?"

"சங்கடமா இருக்குமோன்னுதான் போடலண்ணே."

"என்ன சங்கடம்? அப்பா பேரோட சேத்துப் போடு. கம்பெனி பேரு மட்டும் வேணாம், மொதலாளி கோச்சுக்குவாரு."

பத்மினி அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: நல்லையா மகன் ஏகாம்பரம்.