பெயிண்ட் அடித்த ஹோஸ்

முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைத் தடவினாள் இளவரசி. விரல்களில் கருப்பாக ஒட்டியது. கிரீஸாக இருக்கும் என்று நினைத்து முகர்ந்து பார்த்தாள். பெயிண்ட்.

"புது ஹோஸ்னு சொன்னாங்கண்ணே."

சிதம்பரம் பைபாஸ் ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் அந்தோணிசாமி குனிந்து நகத்தால் சுரண்டினார். கருப்புக்கு அடியில் பழைய ரப்பர் வெடித்துக் கிடந்தது.

"பழசுக்கு மேக்கப் போட்ருக்காங்கம்மா."

அவளுக்குக் காது மடல் சூடேறியது.

கடலூரில் தட்சிணாமூர்த்தியின் தண்ணீர் கேன் கம்பெனிக்கு மூன்று மினி லாரிகள். அதில் ஒன்றை நான்கு வருஷமாக ஓட்டுகிறாள். ஒரு மாதமாகவே பிரேக் பெடல் பஞ்சில் கால் வைத்தது போல அமுங்கியது. போன வாரம் எண்பது கேன் லோடோடு குறிஞ்சிப்பாடியில் போகும்போது, பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டாள். இளவரசி மிதித்தாள். பெடல் பாதிவரை போயும் வண்டி போய்க்கொண்டேயிருந்தது. இரண்டாம் முறை மிதித்த பிறகுதான் நின்றது. சைக்கிள் கேரியருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. "கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று அந்தப் பெண் அழுதுகொண்டே கத்தினாள்.

முதலாளியிடம் சொன்னதற்கு அவர் சிரித்தார். "பொம்பள காலும்மா. நல்லா அழுத்தி மிதி. இன்னொரு வண்டிய கதிரவனும் ஓட்றான், ஒருநாளு ஒண்ணு சொல்லிருப்பானா?" கேன் ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் விடவில்லை. தினமும் கேட்டாள். ஒருநாள் வண்டி கடலூரில் ஏதோ பட்டறைக்குப் போய் வந்தது. "புது ஹோஸ் போட்டாச்சு, இனிமே வாயத் தொறக்காத" என்றார். பெடல் மட்டும் அப்படியே இருந்தது. அதனால்தான் இன்று லோடு இறக்கியதும் நேரே இங்கே வந்திருந்தாள்.

போனை எடுத்தாள். "மொதலாளி, வண்டி அந்தோணிசாமி அண்ணன் பட்டறையில நிக்குது. நான் எடுக்க மாட்டேன். நீங்க வந்து பாருங்க."

"இன்னாம்மா, வேலையில இருக்கணுமா வேணாமா?"

"உயிரோட இருக்கணும். வாங்க."

ஒரு மணி நேரத்தில் கதிரவன் ஓட்டிய இன்னொரு லாரியில் முதலாளி வந்து இறங்கினார். இறங்கும்போதே சத்தம். "நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கறியா? தள்ளு, நான் மிதிச்சுக் காட்றேன்."

"வேணாம்," என்றாள் இளவரசி. "இந்தப் பொம்பள காலே மிதிக்கட்டும். நீங்க கீழ பாருங்க."

அவர் முறைத்தார். அந்தோணிசாமி ஒரு சாக்கை எடுத்துச் சக்கரத்தருகே போட்டார். வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார் தட்சிணாமூர்த்தி. இளவரசி ஏறி ஸ்டார்ட் செய்து பெடலை மிதித்தாள். ஹோஸ் தவளையின் தொண்டை மாதிரி உப்பியது. காலை எடுத்ததும் சுருங்கியது. மறுபடி மிதித்தாள். மறுபடி உப்பியது.

"மிதிக்கிற மிதியெல்லாம் ஹோஸ உப்ப வைக்கவே சரியாப் போவுது சார். சக்கரத்துக்கு எங்க போவும்?" என்றார் அந்தோணிசாமி. "ஸ்டீல் கம்பி பின்னுன ஹோஸ் போட்டு, ஆயில் மாத்தி, லைன்ல இருக்கற காத்த எடுத்துட்டா பெடல் கல்லு மாதிரி நிக்கும்."

தட்சிணாமூர்த்தி எழுந்து வேட்டியைத் தட்டினார். "கடலூர்ப் பட்டறக்காரன்தான் இன்னும் ஆறு மாசம் தாங்கும்னான்."

"அப்ப தெரிஞ்சேதான் புதுசுன்னு சொன்னீங்க."

கதிரவன் தலையைச் சொறிந்தான். "எனக்கும் ரெண்டு தடவ மிதிச்சாதான்க்கா நிக்குது. பொங்கல்லேர்ந்தே."

இளவரசி இறங்கி அவனருகில் போனாள். "பொங்கல்லேர்ந்தா? என்னப் பாத்து எல்லாரும் சிரிச்சப்ப நீயும்தான நின்னுக்கினு இருந்த?"

"சொன்னா என்னையும் கேலி பண்ணுவாங்கன்னு..."

"கேலி! எவன் புள்ளையாவது சக்கரத்துல மாட்டியிருந்தா அப்ப சொல்லிருப்பியா?" முதலாளி மேல் வந்ததைவிட அதிகமான கோபம் இவன் மேல் வந்தது. கதிரவன் தன் வண்டிச் சாவியை எடுத்து அந்தோணிசாமியிடம் நீட்டினான்.

சாயங்காலத்துக்குள் அவள் வண்டிக்கு வேலை முடிந்தது. கதிரவனின் வண்டி பட்டறையிலேயே நின்றது. அவனும் அங்கேயே தங்கிவிட்டான். தட்சிணாமூர்த்தி வேறு வழியின்றி இளவரசியின் பக்கத்து சீட்டில் ஏறினார். பெடலில் கால் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்தது. ஓர் அங்குலம்தான் இறங்கியது, அதற்குமேல் அசையவில்லை.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு ஷேர் ஆட்டோ கையைக்கூடக் காட்டாமல் குறுக்கே திரும்பியது. இளவரசி மிதித்தாள். ஒரே மிதி. காலி கேன்கள் பின்னால் தடதடத்து உருண்டன. வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது.

தட்சிணாமூர்த்தி டேஷ்போர்டைப் பிடித்திருந்த கையை எடுத்தார். "நல்லாத்தான் புடிக்குது," என்றார் மெதுவாக.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "மூணாவது வண்டியையும் நாளைக்குக் காலையில அண்ணன் பட்டறைக்கு அனுப்பணும். அது சரியாகி வர்ற வரைக்கும் லோடு ஏத்தி யாரையும் ஓட்ட விடாதீங்க."

"சரிம்மா."

அவள் கியரைப் போட்டாள்.