முள்காலரும் ஈரல் பிஸ்கட்டும்

நாய் பழக்கும் தொழிலில் மாஸ்டர் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு வீட்டில் அவர் நாயைப் பழக்கி முடித்தபோது வீட்டுக்காரரும் கூடவே பழகிவிட்டார். ‘உட்கார்’ என்றால் இன்றைக்கும் அவர்தான் முதலில் உட்காருவார். அந்த வீட்டம்மாள் அதற்குத் தனியாக நன்றி சொல்லி அனுப்பினாள்.

எல்லாம் முள்காலரின் மகிமை. இரும்புக் கண்ணிகள் கோத்த வளையம். ஒவ்வொரு கண்ணியிலும் கழுத்தைப் பார்த்து இரண்டு மழுங்கிய முள். நாய் முரண்டு பிடித்தால் வாரை ஒரு சுண்டு. கிளிங் என்று சத்தம் வரும், முள் தோலைத் தொடும், நாய் மாஸ்டரின் இடது காலோடு ஒட்டி உட்காரும். கொஞ்ச நாளில் சுண்டவே வேண்டாம், சத்தமே போதும்.

அப்பேர்ப்பட்டவர் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியவன் சொந்தச் சகலை. அச்சகத்தில் வேலை பார்த்தவன் அதை விட்டுவிட்டு, மாஸ்டர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே குடிவந்து நாய் பழக்க ஆரம்பித்தான். காலர் கிடையாது, அதட்டல் கிடையாது. இடுப்பில் ஒரு பை, பை நிறைய ஈரல் பிஸ்கட். நாய் சொன்னதைச் செய்தால் ஒன்று கொடுப்பான். செய்யாவிட்டால், செய்கிற வரைக்கும் சும்மா நிற்பான். ஒரு கிழட்டு நாய் படுக்க மறுத்து இவன் காத்து நின்றதில், தோளில் குருவி கூடு கட்ட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். மாஸ்டர் நம்பவில்லை. ஸ்டூல் போட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒரு குருவி வாயில் நாரோடு அவனைச் சுற்றிக்கொண்டிருந்தது நிஜம்.

பாதி வாடிக்கை அந்தப் பக்கம் போனதை மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். தங்கச்சி புருஷன் குரலை உசத்தி ஒருநாளும் கேட்டதில்லை என்று மனைவி சாப்பாட்டு நேரம் பார்த்துச் சொல்வதையும் சோற்றோடு விழுங்கினார். தளபதியைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

தளபதி அவருடைய சொந்த நாய். நில் என்றால் நிற்கும். வேலை முடிந்த மறு நிமிஷம் சுவரோரம் போய், விரிசலில் மூக்கை வைத்துப் படுத்துவிடும். நாலு வருஷத்தில் மாஸ்டரை அது ஒருதரம் நக்கியதில்லை. விரிசல் வழியாகச் சகலையின் விரலை நாள் தவறாமல் நக்கியது. மாஸ்டர் விரிசலை சிமெண்ட் வைத்து அடைத்தார். தளபதி ஒரு முழம் தள்ளி வேறொரு விரிசலைக் கண்டுபிடித்தது. அந்த விரிசல் அதற்கு முன்பு அங்கே இல்லை என்று மாஸ்டர் சத்தியம் செய்வார்.

இந்த நிலையில்தான் நாய் வளர்ப்போர் சங்கத்தில், பொது மைதானத்தில் முள்காலர் கூடாது என்று யாரோ தீர்மானம் கொண்டுவந்தார்கள். தலைவி பல் டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு தரப்பும் பேசலாம், பிறகு கைதூக்கி ஓட்டு என்றார். மாஸ்டருக்குத் தீர்மானம் இரண்டாம்பட்சம். அத்தனை பேர் முன்னால் தளபதி தன் பக்கம் நிற்க வேண்டும்; சகலை அதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு அவர் பிரமாதமாக ஒரு யோசனை பண்ணினார். காலர் வலிக்காது என்று வாயால் சொல்வானேன்? சொந்தக் கழுத்தில் மாட்டிக் காட்டினால் முடிந்தது. தொளதொள காலர் காலரே இல்லை என்பது தொழில் விதி. ஆகவே காலையில் கண்ணாடி முன் நின்று, கச்சிதமாகப் பிடிக்கிறவரை கண்ணி கண்ணியாகக் கழற்றி அளவு வைத்தார். ஒன்றை மட்டும் மறந்துபோனார். கோபம் வந்தால் அவருக்குக் கழுத்து வீங்கும். அவர் சட்டை எதிலும் மேல் பொத்தான் தங்கியதில்லை.

மைதானத்தில் காலரை மாட்டிக்கொண்டு வாரை டாக்டரம்மா கையில் கொடுத்தார். அந்தம்மா பல் பிடுங்கிப் பழகிய கை. சும்மா ஒரு இழுப்பு. “பார்த்தீங்களா, ஒண்ணுமே இல்ல” என்று மாஸ்டர் சொன்னது, அவர் குரலாக இல்லாமல் கீச்சென்று ஒரு சின்னப் பெண் குரலாக வந்தது.

ஆனால் கிளிங் என்று கேட்டதும் தளபதி ஓடிவந்து அவர் இடது காலோடு ஒட்டிக்கொண்டது. அவர் நடந்தார், கிளிங், அதுவும் நடந்தது. அவர் திரும்பினார், கிளிங்; அதுவும் திரும்பியது. மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“நாய் யார் பக்கம் நிக்குது, நல்லா பாரு தம்பி.”

சகலை தளபதியின் மடங்கிய காதைப் பார்த்தான்.

“அண்ணே, அது உங்ககிட்ட வரல. சத்தத்துகிட்ட வருது.”

“பொறாமைடா உனக்கு.”

கழுத்து வீங்க ஆரம்பித்தது. காலரைக் கழற்ற, பிடரியில் ஒரு கண்ணியை இரண்டு விரலால் நெருக்கி உருவ வேண்டும். மாஸ்டரின் விரல் எட்டவில்லை. எட்டாத கோபத்தில் கழுத்து இன்னும் பருத்தது. வாய்க்குள்ளே என்றால் பார்க்கலாம், கழுத்து தன் இலாகா இல்லை என்று டாக்டரம்மா ஒதுங்கிக்கொண்டார். “தம்பி, நீங்களே கழட்டி விடுங்க” என்றாள் மாஸ்டரின் மனைவி.

“அவன் கை என்மேல படக்கூடாது” என்று மாஸ்டர் சொல்ல நினைத்தார். முழுக்க வெளியே வரவில்லை.

சகலை அவருக்குப் பின்னால் போய் நின்றான். அவசரப்படவில்லை, அவன் வழக்கப்படி சும்மா நின்றான். “மூச்ச விடுங்கண்ணே. இன்னும் கொஞ்சம். அப்படித்தான்.” கால் மணி நேரத்தில் கழுத்து வடிந்தது. கண்ணியை நெருக்கினான், காலர் கையோடு வந்தது. பழக்கதோஷத்தில் அவன் கை பைக்குள் போய் ஒரு பிஸ்கட்டை எடுத்து மாஸ்டர் வாய்க்கு நேரே நீட்டிவிட்டது. மாஸ்டர் வாயைத் திறந்தாரா என்பதில் சங்கத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

காலர் சத்தமில்லாமல் புல்லில் கிடந்தது. தளபதி எழுந்தது. மாஸ்டர் அதைக் கூப்பிடவில்லை; எந்தக் குரலில் கூப்பிடுவது என்று தெரியாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அது முன்காலை அவர் தோளில் போட்டு, முள் பதிந்த பிடரியைத் திரும்பத் திரும்ப நக்கியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மாகூட மூக்கை உறிஞ்சினார்.

மாஸ்டருக்கு மட்டும் விஷயம் புரிந்தது. சகலையின் விரல் பட்ட இடத்தைத்தான் அது நக்கியது. ஒரு அங்குலம் தாண்டவில்லை.

தீர்மானம் ஜெயித்தது. மாஸ்டருக்குத் துணையாக ஒரே ஒரு கைதான் எழுந்தது. அதுவும் சகலையின் கை. அவனுடைய பெருந்தன்மையை நினைத்து மாஸ்டருக்கு மூன்று நாள் தூக்கமில்லை.

நாலாம் நாள் காலை ஸ்டூல் போட்டுச் சுவருக்கு மேலே தலை நீட்டினார். கீழே தளபதி, விரிசலில் மூக்கோடு.

“தம்பி, கழுத்து இன்னும் பிடிச்சாப்புல இருக்கு. கொஞ்சம் நீவி விட்டுட்டுப் போயேன்.”

சகலை கை கழுவிவிட்டு வருவதாகச் சொன்னான்.

“கழுவாத” என்றார் மாஸ்டர்.