ஆற்றைக் கடந்த பாய்

உஸ்மெத்து ஊரில் 2003 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி விரிக்கப்பட்ட பாய், மறுநாள் காலையில் ஒரு சாண் கூடுதலாக இருந்தது. யாரோ இழுத்திருப்பார்கள் என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் கயிறு பிடித்து அளந்தபோது இன்னொரு சாண். அந்த வாரம் சந்தைக்கு உப்பு வரவில்லை என்பதும் பாய் வளர்கிறது என்பதும் ஒரே மூச்சில் பேசப்பட்டன.

எங்கள் பக்கத்தில் சண்டை தீர வேண்டுமானால் பாய் விரிப்பார்கள். இரு தரப்பும் அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு சுருட்டுவார்கள். சுருட்டாதவரை அந்தக் குடும்பம் புது வீடு எழுப்பக் கூடாது. நான்கு வருடம் முன்பு, கிழக்குத் திமோர் தனி நாடாக வேண்டுமென்று மக்கள் வாக்களித்த மறுவாரம், உஸ்மெத்துவில் நாற்பத்துமூன்று வீடுகளும் கோலோ குலத்தின் பெரிய வீடும் எரிந்தன. இந்தோனேசியாவோடு இருக்க விரும்பிய கும்பலோடு வந்து பெரிய வீட்டுக் கூரையில் தீ வைத்தவன் அந்த வீட்டுப் பிள்ளையான சிப்ரியானோ கோலோ. அன்றே ஆற்றைத் தாண்டி இந்தோனேசியப் பக்கம் போனவன் திரும்பவில்லை. அவன் தங்கை பல்பினா ஊர்த்தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், முதல் வேலையாக நடுத்தூணுக்கு மரம் வெட்டிப் போட்டாள். அந்தத் தூணை உயிரோடிருக்கும் உடன்பிறப்புகள் எல்லாரும் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். உயிரோடிருந்தவர்கள் இரண்டே பேர். அண்ணனை வரவழைக்கத்தான் பல்பினா பாய் விரிக்கச் சொன்னாள்.

பாய் வளர்ந்ததற்குக் காரணம், சொல் காப்பாளர் தெஃபா செய்த பிழை. பாய் விரிக்கும்போது யார் யார் உட்கார வேண்டும் என்று பெயர் பெயராகச் சொல்வது வழக்கம். அன்று நாட்டுக்கு ஒரு வயதுதான் ஆகியிருந்தது. கொடியின் சாயம் வெளுக்கவில்லை. பல நாட்டுப் படையினர் நீலத் தொப்பியோடு வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூரிப்பில் தெஃபா, "உட்கார வேண்டியவர்கள் எல்லாரும் உட்காரும்வரை இந்தப் பாய் கிடக்கும்" என்று அறிவித்துவிட்டார். பெயர்களைச் சொல்லி மாற்றிவிடுங்கள் என்று பல்பினா கேட்டபோது தலையாட்டி மறுத்தார். "வாயை விட்டு வந்துடுச்சும்மா. இனிமே நான் முழுங்க முடியாது." இரண்டு வருடத்தில் அவரும் இறந்துபோனார். எல்லாருக்கும் இடம் வேண்டுமல்லவா, பாய் நீண்டுகொண்டே போனது.

அது நீண்டது ஆற்றுப் பக்கமாக. ஊர் அதை வேடிக்கை பார்த்தது. பல்பினா கணக்குப் போட்டாள். ஆற்றங்கரை அறுநூறு மீட்டர் தூரம், அதற்கு எட்டு வருடம். ஆற்றின் அகலம் தொண்ணூறு மீட்டர், அதற்கு ஒன்றேகால் வருடம். அக்கரையில் அண்ணன் வீடு வரை மேலும் ஐந்தரை வருடம். "அவரு பாய்க்கு வரலேன்னா பாய் அவருகிட்ட போகட்டும்" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் பாயின் முனைக்கு முன்னால் முள்ளை வெட்டுவாள், கல்லைப் பொறுக்குவாள். ஒருநாளும் தவறியதில்லை. பிரசவத்துக்குப் படுத்த நான்கு நாள் மட்டும் கணவர் போனார்.

2011இல் பாய் நோவெல்மனு ஆற்றுக்கு வந்து, தயங்காமல் தண்ணீர்மேல் ஏறியது. நனையவில்லை. எருமை நின்றாலும் அமிழவில்லை. மழைக்காலத்து வெள்ளம் அதற்கு அடியில் குனிந்து போனது. நடு ஆற்றில்தான் எல்லை. அக்கரைக் காவல் அதிகாரி படகில் வந்து, "அக்கா, உங்க பாய்க்கு பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டார்.

"சாணுக்கு ஒரு முத்திரையா குத்துவீங்க தம்பி? அப்ப தெனமும் வாங்க, வெத்தலை தரேன்" என்றாள் பல்பினா.

அவர் எல்லைக்கோட்டில் பாயை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஓலை ஓலையைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஏழு முறை நடந்த பிறகு இரு அரசுகளும் பாய்க்கென்று ஒரு கூட்டுக் குழு அமைத்தன. அதன் முதல் ஒன்பது கூட்டங்கள் தலைநகரங்களின் ஓட்டல்களில் நடந்தன. மேசை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாயிற்று. பத்தாவது கூட்டத்தைப் பாயிலேயே வைத்தார்கள். அங்கே மேசை இல்லாததால், மேய்ச்சல் நிலம், சந்தை நாள், ஆற்றுத் தண்ணீர் மூன்றையும் இரண்டே நாளில் பேசி முடித்தார்கள். தூர நாட்டுத் தூதர்கள் வந்து முழங்கால் வலியோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். உலகப் படத்தில் எங்கள் நாட்டின் பெயரை எழுத நாட்டுக்குள் இடம் போதாது, கடலில்தான் எழுதுவார்கள். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு நாடுகள் ஒரே வரிசையில் உட்காரும் அளவுக்கு எங்களிடம் பாய் இருந்தது. அக்கரைப் பெண்கள் அதன்மேல் மிளகாயும் கருவாடும் விற்றார்கள். அவர்களும் எங்களைப் போலவே பேசுகிறவர்கள், பாதிப் பேர் எங்களுக்கு மாமன் மச்சான் முறை.

சிப்ரியானோ மட்டும் வரவில்லை. 2018இல் பாயின் முனை தன் வேலிக்கு அருகே வந்ததைப் பார்த்ததும் வீட்டைப் பிரித்து முந்நூறு மீட்டர் மேலே, குன்றுச் சரிவில் கட்டிக்கொண்டான். பாய் வேலியோரம் திரும்பி மேலேறத் தொடங்கியது. பல்பினா அரிவாளோடு குன்று ஏறினாள். நான்கு வருடம் கழித்து முனை மறுபடி வாசலைத் தொட்ட காலையில் அவன் கூரை ஓலையைப் பிரிக்க ஏணி வைத்தான். அவன் மனைவி யுலியானா ஏணியைப் பிடித்து அசைத்தாள்.

"எறங்குய்யா கீழ. ஒரு பாய்க்குப் பயந்து இன்னும் எத்தனை வாட்டி வீட்டை முதுகுல தூக்கிட்டு ஓடுவ? நீ வேணா போ. எனக்குக் கால் வலிக்குது." சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்து பாக்கு வெட்டத் தொடங்கினாள்.

ஏணியில் நின்ற சிப்ரியானோ, "உக்காந்தா என்னெல்லாம் கேப்பே?" என்று கீழே அரிவாளோடு நின்ற தங்கையிடம் கேட்டான்.

"எல்லாத்தையும் கேப்பேன். நான் மட்டுமில்ல, நாப்பத்துமூணு வீடும் கேக்கும். மொதல்ல உக்காருண்ணா."

அவன் இறங்கி உட்கார்ந்தான். அந்த நாழியில் பாய் வளர்வது நின்றது. நாற்பத்துமூன்று வீட்டாரும் பாய் வழியாக நடந்து குன்றுக்குப் போனார்கள். ஒவ்வொரு வீட்டின் பெயரையும், அதற்குள் என்ன இருந்தது என்பதையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். ஒன்றரை நாள் ஆயிற்று. பெரிய வீட்டின் பெயர் வந்தபோது அவனால் சொல்ல முடியவில்லை. பல்பினா எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தாள். சொன்னான். ஒருவர் மட்டும் மன்னிக்க மாட்டேன் என்றார். அவரும் பாயில் உட்கார்ந்தே சொன்னதால் அதுவும் ஒரு முடிவாக ஏற்கப்பட்டது.

பாயைக் கடைசி முனையிலிருந்து வீட்டை நோக்கித்தான் சுருட்ட முடியும். சுருட்டுகிறவன் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும். சிப்ரியானோ குனிந்து தொடங்கினான். எவ்வளவு சுருட்டினாலும் உருளை தொடைப் பருமனைத் தாண்டவில்லை. ஆற்றங்கரையில் இரு நாட்டு மக்களும் வழிமறித்தார்கள். பாய் போனால் சந்தை போய்விடும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கடந்து போகும் வழி போய்விடும். பாயைப் பாதுகாக்க வேண்டுமென்று கூட்டுக் குழுவும் கடிதம் அனுப்பியிருந்தது.

"ஆத்து மேல இருக்கற துண்டை மட்டும் விட்டுட்டுப் போயேன் பல்பினாக்கா" என்று மிளகாய்க்காரி கெஞ்சினாள்.

"அரைகுறையா எதுக்குடி? இத்தனை வருஷம் விரிச்சு வெச்சது சுருட்டறதுக்குத்தான், வேடிக்கை காட்ட இல்ல. பாயா நம்மள உக்கார வெச்சுது? நாமதானே உக்காந்தோம்? நாளைக்கும் உக்காருவோம். நீ சுருட்டுண்ணா."

நடு ஆற்றில் சிப்ரியானோ நின்றான். எங்கள் பக்கத்துப் போலீஸ்காரரைப் பார்த்து, "தாண்டினா புடிப்பீங்களா?" என்றான்.

"பாய் சுருட்டறவனை எந்தச் சட்டத்துல புடிக்கறதுன்னு எனக்குத் தெரியல. குனிஞ்சு வேலையைப் பாருங்கண்ணே."

அன்று மாலை பாய் ஊருக்குள் வந்தது. அடுத்த வியாழக்கிழமை அண்ணனும் தங்கையும் நடுத்தூணை நிறுத்தினார்கள்.

ஆற்றில் பாய் கிடந்த இடத்தில் தண்ணீர் மேலேறவில்லை. ஒன்றரை மீட்டர் அகலத்தில் உலர்ந்த தடம் ஒன்று கரையிலிருந்து கரைக்குப் போகிறது; நோவெல்மனு அதன் மேல் பக்கத்தில் மறைந்து கீழ்ப் பக்கத்தில் எழுந்து ஓடுகிறது. கூட்டுக் குழு அளந்து பார்த்துவிட்டு இரு நாட்டு வரைபடங்களிலும் அதைப் பாதை என்று குறித்தது. மிளகாய்க்காரி அங்கேதான் விற்கிறாள். பாயில் நடப்பதுபோலவே எல்லாரும் அதில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மழைக்காலத்தில் இரு நாட்டுச் சிப்பாய்களின் பூட்ஸ்களும் நனையாமலிருக்க இக்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். எந்த ஜோடி எந்த நாட்டுடையது என்று காலை விட்டுப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.