கோபம் பட்ட மாத்திரை

பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் பதினேழு வருடமாக நின்றுகொண்டிருந்த பார்மசி டெக்னீஷியன் கோபத்தோடு எண்ணிக் கொடுத்த மாத்திரைகள், மற்றவர்கள் கொடுத்ததைவிடப் பாதி நாளில் நோயைக் குணமாக்கின. ஆறு நாள் காய்ச்சல் மூன்று நாளில் இறங்கியது. மாதக் கணக்கில் சீழ் வைத்த புண் பத்து நாளில் தழும்பானது. இதற்காக யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. கட்டில்கள் முன்பைவிடச் சீக்கிரம் காலியாகின்றன என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஊசி மருந்து கலக்கும் அறைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. கண்ணாடிச் சுவரும் வடிகட்டிய காற்றும் உள்ள அறை அது. புற்றுநோய்க்காரர்களுக்கான மருந்தை அங்கேதான் சொட்டுச் சொட்டாக அளந்து கலப்பார்கள். அதற்கான படிப்பை வேலை முடிந்த மாலைகளில் இரண்டு வருடம் படித்து முதலாவதாகத் தேறினாள். விண்ணப்பித்தாள். கண்காணிப்பாளரின் மைத்துனனுக்குக் கொடுத்தார்கள். மறுபடி விண்ணப்பித்தாள். மைத்துனனின் சிநேகிதனுக்குக் கொடுத்தார்கள். ஆறாவது முறை அனுபவம் போதாது என்று சொல்லிவிட்டு, மாத்திரைப் பெயர்களை அவளிடமே கற்றுக்கொண்டவனை உள்ளே அனுப்பினார்கள். வயிறு எரியாதா? எரிந்தது. அந்த எரிச்சலோடு கவுண்டருக்கு வந்து, தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, மழுங்கிய கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளுவாள். ஒவ்வொரு ஐந்துக்கும் ஒருமுறை பல்லைக் கடித்துக்கொள்வாள்.

டெக்னீஷியன் எண்ண வேண்டும், மருந்தாளுநர் சரிபார்த்து உறையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். எண்ணியவள் பெயர் எங்கும் வராது. ஆகவே குணமானவர்கள் எல்லாரும் மருந்தாளுநரைக் கும்பிட்டார்கள், நிர்வாகக் குழு அவருக்குக் கேடயம் கொடுத்தது. மனிதர் கொஞ்சமும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டார். அன்று மாலை அவள் எண்ணிய மாத்திரையைத் தின்ற ஒரு கிழவர், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் மூன்றாம் வார்டு நர்ஸ். மருந்தாளுநர் ஒரு மாதம் விடுப்பில் போனபோதும் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். டெக்னீஷியன் தன் அக்காவின் ஆபரேஷனுக்காக நாலு நாள் போனாள், வார்டு நிரம்பி வழிந்தது. குணம் கையெழுத்தில் இல்லை, கையில் இருக்கிறது என்று நர்ஸ் மேலே எழுதிப் போட்டாள். நல்லது நடக்கும் என்று நம்பித்தான் எழுதினாள், பாவம். அக்கா பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில் டெக்னீஷியன் சிரித்த முகமாக வேலைக்கு வந்த வாரம் மாத்திரைகள் சாதாரண மாத்திரைகளாகவே இருந்ததையும் மேலே இருந்தவர்கள் கவனித்தார்கள். கூட்டம் போட்டார்கள். அவளுடைய விண்ணப்பத்தை வருடா வருடம் வாங்கி, நம்பிக்கை வரும்வரை வைத்திருந்து, வேலை தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு நிராகரிக்க வேண்டும் என்று முடிவானது. உட்கார இருந்த ஒற்றை ஸ்டூலையும் எடுத்துவிட்டார்கள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள், காலையில் குளித்துவிட்டுச் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. பொறுக்க முடியாமல் நர்ஸ்தான் வந்து சொன்னாள்.

“அக்கா, உங்கள வேணும்னேதான் காய விடுறாங்க. நீங்க சந்தோஷமா இருந்தா மருந்து வேலை செய்யாதாம்.”

அன்று அவள் நேரே கவுண்டருக்குப் போய்த் தட்டில் மாத்திரைகளைக் கொட்டினாள். மத்தியானத்துக்குள் மூன்றாம் வார்டில் ஒருத்தர் பாக்கியில்லை. மாவுக்கட்டுப் போட்டவர்கள் கட்டை அறுக்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். வீட்டில் முழங்கால் வலியோடு கிடந்த கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் மேலும் கொஞ்சம் கோபப்படக் கூடாதா என்று கெஞ்சினான். முயன்று பார்த்தாள். வரவில்லை. அவன் மாத்திரைகள் எப்போதும்போல மெதுவாகவே வேலை செய்தன.

வேறு வேலை தேடினாள். அவள் படிப்புக்கு வழிகள் இல்லாமல் இல்லை: மருந்துக் கிடங்கு, இன்சூரன்ஸ் அலுவலகம், டெக்னீஷியன்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. ஆனால் சேதி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பத்து வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது என்று எழுத்திலேயே தருவதாகக் கிடங்கு மேலாளர் சொன்னார். தினமும் தப்பான பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக் கல்லூரி முதல்வர் வாக்குக் கொடுத்தார். மாத்திரையையே தொடாத இன்சூரன்ஸ்காரர்கள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று, அவள் தலைக்கு மேலுள்ள மின்விசிறியைப் பழுது பார்க்க மாட்டோம் என்றார்கள். எங்கே போனாலும் அதே குட்டை, அதே மட்டை.

ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். அவர் குரலைத் தாழ்த்தி, உருக்கமாகப் பேசினார்.

“நீங்க போயிட்டா இந்த ஜனங்க கதி என்னம்மா? கொஞ்சம் மனசாட்சியோட யோசிங்க.”

மனசாட்சியைப் பற்றி அவர் பேசினார்.

“கோபம் என்கிட்ட மட்டும்தான் இருக்கா சார்?” என்றாள் அவள். “நின்னு பாருங்க. உங்களுக்கும் வரும்.”

அவள் நிபந்தனை ஒன்றுதான். தனக்குக் கண்ணாடி அறை. தன்னைத் தடுத்தவர்கள் கவுண்டரில் முறை வைத்து எண்ண வேண்டும், நாளுக்கு எட்டு மணி நேரம், நின்றபடி. அவள் போய்விட்டால் ஆஸ்பத்திரியின் பேர் என்ன ஆவது என்று பயந்த நிர்வாகக் குழு, ஒரே மணி நேரத்தில் சம்மதித்தது. இத்தனை வருடம் முடியாதது ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

கண்ணாடி அறையில் அவள் கலந்த மருந்து, மருந்து செய்ய வேண்டியதைச் செய்தது. அதற்கு மேல் ஒரு சொட்டும் செய்யவில்லை. கவுண்டரில் கண்காணிப்பாளர் எண்ணிய மாத்திரைகள் முதல் மூன்று மாதம் யாரையும் அவசரமாகக் குணப்படுத்தவில்லை. அவருக்குக் குழப்பம் இருந்தது, கால்வலி இருந்தது, கோபம் இன்னும் வரவில்லை. நாலாம் மாதம், மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் விடுப்புக் கேட்டார். நிர்வாகக் குழுவுக்குத்தான் வழி தெரியுமே. மறுநாள் அவரிடம் மாத்திரை வாங்கிய பெண்ணுக்குப் பத்து வருடத்துத் தலைவலி, வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் போயிற்று.

மாதக் கடைசிக்குள் அவருடைய வரிசை தெருவரைக்கும் நீண்டது. அவரை எந்தக் காலத்திலும் வேறு வேலைக்கு மாற்றக் கூடாது என்று ஜனங்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள்.