தொள்ளாயிரத்து ஐம்பதாவது மீட்டர்

அளவுச் சக்கரத்தில் எண் தொள்ளாயிரத்து ஐம்பதைத் தொட்டபோது மாடல் செய்கிறவள் ஒரு சலூனுக்குள் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியில் கன்னமெல்லாம் நுரையோடு ஒருவர். கையில் கத்தியோடு கடைக்காரர். இருவரும் அவளையும், அவள் உருட்டிக்கொண்டு வந்த சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, கடைக்குள்ள ரோடு போடப் போறீங்களா?"

"இல்லண்ணே. ஒரு கிரகம் ஒட்டணும்."

அறிவியல் கூடத்துக்கு மாதிரிகள் செய்து கொடுப்பவள் அவள். சூரியனை ஆரஞ்சுப்பழ அளவில் செய்து மண்டபத்தில் வைத்தாயிற்று. அந்தக் கணக்குக்குப் பூமி பத்தாவது மீட்டரில். நெப்டியூன் முந்நூறில், வெளிக்கதவருகே. புளூட்டோவின் இடம் போன வருஷம் கார் நிறுத்துமிடத்துக்கு நடுவில் வந்து தொலைத்தது. "யாரு டேப் பிடிச்சு அளக்கப் போறா?" என்றார் கூடத்தின் இயக்குநர். வாயை மூடிக்கொண்டு நெப்டியூன் பக்கத்திலேயே ஒட்டினாள். அன்றிலிருந்து அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் தலை தானாகக் குனிகிறது. தான் செய்த வேலையைத் தானே பார்க்கக் கூசுவதெல்லாம் ஒரு பிழைப்பா! இப்போது எரிஸின் முறை. புளூட்டோவைவிடவும் எங்கோ தள்ளிக் கிடக்கும் குறுங்கோள். "மூணு மணிக்குள்ள கடைக்காரர் கையெழுத்தோட வா. இல்லேன்னா இதுவும் கதவுக்குத்தான்," என்று இயக்குநர் சொல்லிவிட்டார். மணி இரண்டேகால்.

"வெளிச் சுவத்துல ஒட்டிக்கங்களேன்," என்றார் கடைக்காரர்.

"அது தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சுண்ணே."

"அஞ்சு மீட்டர்ல என்ன குடி முழுகிடும்?"

"ஒரு தடவை விட்டுக்கொடுத்துட்டேண்ணே. இன்னும் தொண்டையில முள்ளா நிக்குது. இனிமே முடியாது."

அவள் குரல் உயர்ந்துவிட்டது. நுரைக்காரர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த எரிஸ் தகட்டை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக் கிரகத்தைத் தேடினார். நடுவில் ஒரு புள்ளி, தரையில் கிடந்த முடியின் கனம்கூடத் தேறுமா என்னவோ.

"இத்தனூண்டுக்கா இந்தப் பாடு?"

"இதுக்குத்தாண்ணே."

"இவ்வளவு தள்ளிக் கிடக்கறத சூரியன் எங்க கண்டுக்கப் போகுது?"

"இழுத்துப் பிடிச்சிருக்குண்ணே. ஒரு சுத்து வர ஐநூத்தி அம்பது வருஷத்துக்கு மேல ஆகும். ஆனாலும் அதைத்தான் சுத்துது."

கடைக்காரர் தகட்டைத் திருப்பிக் கொடுத்தார். "தண்ணிக் குழாய் பக்கத்துக் கடையோட நின்னுபோச்சு," என்றார். "தெருவிளக்கும்தான். இந்தக் கடை வரைக்கும் அளந்துக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

அவளிடமிருந்த சம்மதப் படிவத்தை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றித் துண்டால் அந்த இடத்தைத் துடைத்தும் கொடுத்தார். தகட்டை நாலு மூலையிலும் அழுத்தி ஒட்டியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பினால், அவர் வாசலில் நெற்றிமேல் கை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூரியன் இங்கேர்ந்து தெரியாதுண்ணே. நடுவுல எத்தனை கட்டடம்."

"தெரிய வேணாம். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

அவள் கை நீட்டினாள். நாற்காலி கிறீச்சிட்டது. கழுத்தில் துண்டும் பாதிக் கன்னத்தில் காய்ந்த நுரையுமாக அந்த மனிதரும் இறங்கி வந்து, அவர் பக்கத்தில் நின்று அந்தத் திசையைப் பார்த்தார்.